பட்டையை இறுக்காதீர்கள், சகோதரி

கேள்வி: என் கணவருக்கு வயது 54. கும்பகோணம் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்கு பார்க்கிறார். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதே என்று ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். மணிக்கு 38 முறை தடைபடுவதாக ரிப்போர்ட் வந்தது. நாலு மாதமாக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபாப் மெஷின் வைத்திருக்கிறோம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். காற்றின் பிரஷர் 12 என்று வைத்துக் கொடுத்தார்கள். காற்று கண்ணில் அடிக்கிறது என்பார். நான் எழுந்து பட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுவேன். மூக்குத்தண்டு சிவந்து, இப்போது தோலே உரிந்துவிட்டது. படுக்கும்போது அதில் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறேன். ராத்திரி இரண்டு, இரண்டரைக்கெல்லாம் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையபடி குறட்டை விடுகிறார். அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நான் விழித்துக் கிடக்கிறேன். "இந்த மூக்கணாங்கயிறு எனக்கு வேண்டாம்" என்று போன வாரம் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காற்று கண்ணில் அடிக்கிறது, பட்டையை இழுத்துக் கட்டுகிறேன், மூக்கு புண்ணாகிவிட்டது, இரண்டு மணிக்குப் பிடுங்கிப் போடுகிறார் என்று நாலு கஷ்டங்களை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த நாலும் ஒரே கஷ்டமாகத்தான் தெரிகின்றன. நடுவில் இருப்பது அந்தப் பட்டை. இன்று ராத்திரியிலிருந்து அதை இறுக்குவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் டாக்டர் இல்லை. நீங்கள் ஸ்லீப் ஸ்டடிக்குப் போய் வந்தது மாதிரி ஒரு லேபில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் டெக்னீஷியன். தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டி, மாஸ்க் மாட்டிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து விடிய விடிய ஒருவருடைய மூச்சைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மருந்தையோ பிரஷர் அளவையோ மாற்றச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்த இடம் வரும்போது டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் எழுதுவேன். மாஸ்க் முகத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பது என் கைக்குத் தெரிந்த விஷயம். அதைப் பற்றித் தயங்காமல் எழுதலாம்.

பகலில் அந்த மாஸ்க்கைக் கையில் எடுத்து, முகத்தில் படுகிற சிலிக்கான் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான மாஸ்க்குகளில் அது இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே கொஞ்சம் தடித்தது. மேலே வெங்காயச் சருகு போல மெல்லியது. மெஷின் ஓடும்போது காற்று அந்த மெல்லிய அடுக்குக்கு அடியில் புகும். அது லேசாக உப்பி, முகத்தின் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி வளைந்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். கசிவை அடைப்பது அந்தக் காற்றுதான். மாஸ்க்கை இடம் மாறாமல் பிடித்துக்கொண்டிருப்பதோடு பட்டையின் வேலை முடிந்தது. பட்டையை இழுத்துக் கட்டினால் மேல் அடுக்கு நசுங்கி உள் அடுக்கோடு படிந்துவிடும். உப்ப இடமில்லாமல் அங்கங்கே சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் காற்று வெளியே வரும். மூக்குத்தண்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளமாக இருப்பதால் பெரும்பாலும் முதல் சுருக்கம் அங்கேதான் விழும். அங்கிருந்து கிளம்புகிற காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். கண்ணில் அடிக்கிறதே என்று நீங்கள் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கிறீர்கள். நாலு மாதமாக உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஒழுகுகிற குழாயைக் கண்டால் யாருடைய கையும் அதைத் திருகி மூடத்தான் போகும்.

12 என்றதும் பெரிய அழுத்தம் என்று தோன்றலாம். அது 12 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தால் அதன் அடியில் இருக்கிற அழுத்தம், அவ்வளவுதான். ரத்த அழுத்தம் அளக்கிற கணக்கில் சொன்னால் 9 மி.மீ.கூட வராது. தூக்கத்தில் தொண்டையின் மெத்தென்ற தசை தளர்ந்து உள்ளே சரிந்து மூச்சுப்பாதையை மூடிவிடாமல் பிடித்துக்கொள்ள அது போதும். இந்த அளவு காற்றை மாஸ்க்குக்குள் நிறுத்த முகத்தில் தழும்பு விழுகிற மாதிரிக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இன்றைக்கு இப்படிச் செய்து பாருங்கள். அவர் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வரட்டும். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. நெற்றிப் பட்டை படுகிற இடத்தில் இருக்கும் விபூதியையும் துடைத்துவிடுங்கள். பல்செட் இருந்தால் கழற்றட்டும். தூங்கும்போது எந்த முகமோ அந்த முகத்துக்குத்தான் மாஸ்க்கைப் பொருத்த வேண்டும். அதே காரணத்துக்காக அவரைப் படுக்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் சரியாகப் பொருந்துகிற மாஸ்க், படுத்தவுடன் கன்னத்துச் சதை பக்கவாட்டில் சரிந்து வேறு மாதிரி ஆகிவிடும். எல்லாப் பட்டைகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டு மாஸ்க்கை வையுங்கள். மெஷினை ஓட விடுங்கள். மாஸ்க் ஃபிட் என்ற வசதி உங்கள் மெஷினில் இருந்தால் அதை அழுத்துங்கள். ராத்திரியில் வரப்போகிற அழுத்தம் அப்போதே கொஞ்ச நேரத்துக்கு வரும். காற்று நாலு பக்கமும் கசியும், பயப்படாதீர்கள். இப்போது மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூரம் முன்னால் இழுத்து, மெல்ல மறுபடி முகத்தில் வையுங்கள். மெல்லிய அடுக்கு உப்பி, தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகு கீழ்ப்பட்டைகள் இரண்டையும், இரண்டு கையாலும், ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கசிவு நின்ற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். பிறகு மேல்பட்டை. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் உங்கள் விரல் தாராளமாகப் போய் வர வேண்டும்.

சரியான இடம் கிடைத்ததும், பட்டையின் ஒட்டுப்பகுதி முடிகிற இடத்தில் கலர் நூலால் இரண்டு தையல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டையைத் துவைத்தபின் அளவு தவறிப்போகாமல் இருக்க இது உதவும். எங்கள் லேபுக்கு வந்த ஒரு அம்மா சொல்லிக்கொடுத்த வழி. நான் அதற்கு முன் பேனாவால் கோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு துவைப்பில் கோடு போய்விடும்.

ஒரு லாரி டிரைவர் எங்களிடம் வந்தார். கன்னத்தில் மதியம் வரைக்கும் இரண்டு வரி பள்ளமாகத் தெரியும் என்றார். மாஸ்க் ஒத்துவரவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தார். படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, அவர் கட்டியிருந்தபடியே கசிவைக் காட்டினேன். பிறகு பட்டையை ஒவ்வொரு பக்கமாகத் தளர்த்திக்கொண்டே வந்தேன். உஸ்ஸென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. அவர் தலையைத் திருப்பி, "மெஷினை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி அந்தப் புண். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் இதை நாள் கடத்தாதீர்கள். தோல் உரிந்த இடத்தை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், வாசலினும் வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்டால் சிலிக்கான் வழுக்கிக் கீழே இறங்கும். நாளடைவில் அது பதம் கெட்டு, கசிய ஆரம்பிக்கும். வழுக்குகிறதே என்று மறுபடி பட்டையைத்தான் இழுக்கத் தோன்றும். புண் ஆறிய பிறகு, சிவந்து மட்டும் போகிற தோலுக்கு ஹைட்ரோகொலாய்டு என்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மெல்லிய பிளாஸ்திரி நல்லது. ஆஸ்பத்திரியில் நாள் கணக்காக மாஸ்க்கோடு இருப்பவர்களுக்கு மூக்குத்தண்டில் அதைத்தான் ஒட்டுவோம். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய இன்னொன்று, பல தடவை துவைத்துப் பதமான பழைய மல் வேட்டித் துணியை மாஸ்க்கின் ஓரத்துக்கு ஏற்ப நடுவில் ஓட்டை விட்டு வெட்டி, தோலுக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் வைத்துக்கொள்வது. நம் ஊர் வேர்வைக்கு அது மிகவும் இதமாக இருக்கும். சுருங்காமல் ஒற்றை மடிப்பாக இருக்க வேண்டும். தினமும் துவைக்க வேண்டும்.

பட்டையைச் சரிசெய்த பிறகும் மூக்குத்தண்டு வலித்தால், மாஸ்க்கின் அளவிலோ வகையிலோ பிழை இருக்கிறது. "பெரிசா இருந்தா வசதியா இருக்கும்" என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். மாஸ்க் விஷயத்தில் இது தலைகீழ். பெரிய மாஸ்க்கின் மேல் ஓரம் கண்ணுக்குப் பக்கத்தில் ஏறி உட்காரும். கசியாமல் அடைக்கிற அளவுகளில் எது மிகச் சிறியதோ அதுதான் சரியான அளவு. கடைகளில் அளவுத் தகடு ஒன்று இருக்கும். அதை முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கையில் கொடுத்தால், "அளவு பார்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வகையைப் பற்றி இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கணவருக்கு முதலிலேயே வாயையும் மூடுகிற பெரிய மாஸ்க்கைக் கொடுத்தது ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். காரணம் இருக்கலாம், மூக்கு அடைப்பு இருந்திருக்கலாம். ஆனால் பலருக்கு, "வாயைத் திறந்து தூங்குகிறார்" என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கொடுத்துவிடுகிறார்கள். மூச்சு தடைபடுகிறவர் காற்றுக்குத் தவித்துத்தான் வாயைத் திறக்கிறார். மூக்கு வழியாகச் சீராகக் காற்று போக ஆரம்பித்ததும் நிறையப் பேருக்கு வாய் தானாக மூடிக்கொள்வதைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். பெரிய மாஸ்க்கின் கீழ்ப்பகுதி தாடையைப் பின்னால் தள்ளும். தாடையோடு நாக்கும் பின்வாங்கி, தொண்டை இன்னும் குறுகும். அதனால் சிலருக்கு அதே பலன் கிடைக்க அதிக அழுத்தம் தேவைப்படும். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். முடிந்த இடத்தில் மூக்கு மாஸ்க்கை முதலில் முயன்று பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்தத் துறையில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை. பகலில் அவர் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும். சிரமமில்லாமல் மூக்கு வழியாக மூச்சு விட முடிகிறதா? முடிந்தால் மூக்கு மாஸ்க்கோ, அதைவிடச் சின்னதாக மூக்குத் துவாரத்தில் மட்டும் மெத்தென்று உட்கார்கிற பில்லோ வகையோ அவருக்குப் பொருந்தலாம். பில்லோ வகை மூக்குத்தண்டைத் தொடவே தொடாது; அவருடைய புண்ணுக்கு உடனே ஓய்வு கிடைக்கும். மீசையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அடர்ந்த மீசை இருந்தால் மூக்கு மாஸ்க்கின் கீழ் ஓரம் அதன் மேல் உட்கார்ந்து கசியும். அப்போதும் பில்லோவே மேல். மீசையை எடுக்கச் சொல்லி அவரை வருத்த வேண்டாம். வாயையும் மூடித்தான் ஆக வேண்டும் என்றால்கூட, மூக்குத்தண்டில் ஏறாமல் மூக்குக்கு அடியிலேயே உட்கார்ந்து வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்குகள் இப்போது வந்துவிட்டன. டாக்டரிடம் கேட்டுவிட்டு, கடையில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிஷம் மூக்கால் விட முடியவில்லை என்றால் மாஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் மூக்கைப் பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். நடு எலும்பு வளைந்திருக்கலாம், அலர்ஜியால் உள்சதை வீங்கியிருக்கலாம். அதற்கு ஸ்ப்ரே உண்டு. படுக்கும் முன் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயால் மூக்கைச் சுத்தம் செய்வது யாருக்கும் நல்லது. அடைப்பை நிமிஷத்தில் திறக்கிற சொட்டு மருந்தை மட்டும் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த மருந்தினாலேயே மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

இரண்டு மணிக்குப் பிடுங்கிப் போடுகிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. "பாதி ராத்திரியாவது போடுகிறாரே" என்று ஆறுதல் கொள்ளத் தோன்றும். தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் பாதியில் வரும். கனவு வருகிற உறக்கம் விடியற்காலையை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். கனவு உறக்கத்தில் உடம்பின் தசைகள் அனேகமாக முழுக்கத் தளர்ந்துவிடும்; தொண்டைத் தசையும்தான். பலருக்கு மூச்சு அதிக நேரம் தடைபடுவதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமாக இறங்குவதும் அந்த நேரத்தில்தான். அவர் கழற்றிப் போடுகிற இரண்டரை மணியிலிருந்து விடிகிற வரைக்கும் உள்ள நேரம், மெஷின் அவருக்கு அதிகமாகத் தேவைப்படுகிற நேரம். பிரஷரும் சர்க்கரையும் உள்ள உடம்பு அது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் வேண்டுமென்று கழற்றுவதில்லை. அரைத்தூக்கத்தில் கை செய்கிற வேலை அது. காலையில் கேட்டால் நினைவுகூட இருக்காது. அதற்காகச் சண்டை போடாதீர்கள். கழற்றியதை நீங்கள் பார்த்தால் மெல்ல எழுப்பி, மெஷினை நிறுத்திவிட்டு, மாஸ்க்கை வைத்தபின் மறுபடி ஓடவிடுங்கள். ரேம்ப் என்ற வசதி போட்டிருந்தால் அழுத்தம் மறுபடி 4 மாதிரி ஒரு சின்ன அளவிலிருந்து மெல்ல ஏறும். உச்ச அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற மாஸ்க்கைத் தூக்கக் கலக்கத்தில் மாட்டுவது யாருக்கும் முடியாத காரியம். மூச்சை வெளியே விடும்போது காற்று எதிர்த்து முட்டுகிறது என்று அவர் சொன்னால், வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிற வசதி பல மெஷின்களில் இருக்கிறது. இதையும் ரேம்ப்பையும் போட்டுத் தரும்படி டாக்டரிடமோ மெஷின் கொடுத்தவர்களிடமோ கேளுங்கள். காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வருகிறதா என்றும் கவனியுங்கள். காற்றை விழுங்குகிறார் என்று அர்த்தம். டாக்டர் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு மணிக்கு அவரை எழுப்புவது எது என்று ஒரு நாள் விழித்திருந்து பாருங்கள். புரண்டு படுக்கும்போது குழாய் இழுபடுகிறதா? பல வீடுகளில் மெஷின் தரையில் இருக்கும், குழாய் கட்டிலின் ஓரமாகத் தொங்கும். திரும்பினால் மாஸ்க் ஒரு பக்கமாக இழுபட்டு அந்த இடத்தில் கசியும். தலைமாட்டில் ஒரு ஆணியோ கொக்கியோ அடித்து, துணி நாடாவால் குழாயைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் புரள்கிற அளவுக்கு நீளம் விடுங்கள். மெஷின் மட்டும் அவர் தலையைவிடத் தாழ்வான இடத்திலேயே இருக்கட்டும். குழாயில் சேர்கிற தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பிப் போகும். தலையணை மாஸ்க்கை முட்டித் தள்ளுகிறதா என்று பாருங்கள். இலவம்பஞ்சுத் தலையணை என்றால் கையால் அமுக்கிக் கன்னம் படுகிற ஓரத்தில் ஒரு பள்ளம் செய்துவிடலாம். ஒருக்களித்துப் படுப்பது அவருக்கு எப்படியும் நல்லது. மல்லாந்து படுத்தால்தான் நாக்கு பின்னால் விழும்.

வாய் வறண்டு எழுந்திருக்கிறாரா? ஏசி அறையில் இது சகஜம். மெஷினோடு வந்த தண்ணீர்த் தொட்டி இருக்குமே, ஹியூமிடிஃபையர், அதைப் பயன்படுத்துங்கள். எங்கள் ஊரே ஈரம்தானே என்று அதைக் காலியாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஏசி போட்டதும் அறையின் ஈரம் போய்விடும். குழாயில் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால் ஈரத்தின் அளவை ஒன்று குறைத்து, குழாய்க்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் பங்க்கில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குள் போவதற்காக அடைத்தது அல்ல. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். தினமும் காலையில் மீந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு. நாலு மாதம் வலியைக் கொடுத்த பொருளை அவர் மனசு இப்போது வெறுக்கிறது. மூக்கணாங்கயிறு என்ற அவருடைய வார்த்தையிலேயே அது தெரிகிறது. மாஸ்க்கைச் சரிசெய்தாலும் அந்த வெறுப்பு ஒரே நாளில் போகாது. அதற்குப் பகலில் பழக வேண்டும். புண் ஆறிவரும்போது, சாயங்காலம் டிவி பார்க்கையில் மெஷின் இல்லாமல் வெறும் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொள்ளட்டும், பட்டைகூட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது அவர் கைக்குத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பட்டையோடு இருபது நிமிஷம். பிறகு மெஷினையும் ஓடவிட்டு. பிறகு மத்தியானத் தூக்கத்துக்கு. ராத்திரி உபயோகத்தை இதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டும் கூடவே நடக்கட்டும். கழுத்தை நெரிக்கிற மாதிரி மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறவர்களைக்கூட இந்த வழியில் இரண்டு மூன்று வாரத்தில் பழக்கியிருக்கிறோம்.

இந்தச் சிகிச்சையை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிவித்தார். அப்போது தயார் மாஸ்க்கே கிடையாது. ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்து, ராத்திரிக்கு ராத்திரி சிலிக்கான் பசையால் முகத்தோடு ஒட்டி, காலையில் பிய்த்து எடுத்தார்கள். வேக்குவம் கிளீனர் மோட்டார் மாதிரி இரைகிற மெஷின். அதையும் ஏற்றுக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கியவர்கள் உண்டு, பகலில் விழித்திருக்க முடிந்ததே என்ற ஒரே காரணத்துக்காக. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த ஒட்டும் பசை போய் இந்த மெத்தென்ற ஓரம் வந்ததே, வலி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: காலையில் முகத்தில் படும் பகுதியை மட்டும் மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை பட்டையும் குழாயும். டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் தண்ணீர் கிட்டேயே வரக் கூடாது. வெயிலில் காயப்போடாதீர்கள். ஓரம் மஞ்சளாகி விறைத்துவிட்டால், பட்டை தொய்ந்துவிட்டால், புதிது மாற்றும் காலம் வந்துவிட்டது. முழு மாஸ்க்கையும் வாங்க வேண்டாம், அந்த ஓரம் தனியாகவே கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மாஸ்க்கின் முன்புறத்தில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். அதிலிருந்து காற்று சீறும், பக்கத்தில் படுக்கிற உங்கள் மேல் படும். கசிவென்று நினைத்து டேப் ஒட்டியோ போர்வையை மூடியோ அதை அடைத்துவிடாதீர்கள். அவர் விட்ட மூச்சு வெளியேறுகிற வழி அது. அடுத்தது, சில மாஸ்க்குகளில் பட்டையைக் கொக்கியில் மாட்டுவதற்குக் காந்தம் வைத்திருப்பார்கள். அவருக்கோ, ஒரே கட்டிலில் படுக்கிற உங்களுக்கோ நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்தான் வாங்க வேண்டும்.

கரண்ட் போகும்போது மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடலாம். உங்கள் மாஸ்க் மாதிரி வாயையும் மூடுகிறவற்றில் காற்று நின்றதும் தானாகத் திறக்கிற ஒரு வால்வு உண்டு, மூச்சு முட்டாது. அந்த வால்வில் அழுக்கு சேராமல் கழுவுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டினால் தண்ணீர்த் தொட்டியின் சூட்டை அணைத்துவிடுங்கள். கரண்டை அதிகம் இழுப்பது அதுதான்.

மாஸ்க் சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தையும் பார்க்கலாம், மெஷினையும் பார்க்கலாம். முகத்தில், எழுந்து பல் தேய்த்து முடிப்பதற்குள் பட்டைத் தடம் மறைந்துவிட வேண்டும். மெஷினில், தினமும் காலையில் திரையில் வருவதை போனில் படமெடுத்து வையுங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது, கசிவு எவ்வளவு, இந்த மூன்று. தடைபடுவது 5க்குக் கீழே இருப்பது நல்லது. ஸ்டடியில் அது 38 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கசிவுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ரெஸ்மெட் மெஷின் என்றால் நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டக் கூடாது. மாஸ்க் நன்றாகப் பொருந்தி, கசிவும் குறைந்து, அப்போதும் தடைபடுவது குறையவில்லை என்றால் கோளாறு மாஸ்க்கில் இல்லை. அந்தப் படங்களோடு டாக்டரைப் பாருங்கள்.

முதலில் புண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு, மூக்குத்தண்டைத் தொடாத மாஸ்க்கை அவர் படுத்தபடி போட்டுப் பார்க்க முடிகிற கடைக்கோ லேபுக்கோ அவரைக் கூட்டிப் போங்கள். மெஷினையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அதுவரைக்கும் இப்போதுள்ள மாஸ்க்கை, மேல்பட்டையை நன்றாகத் தளர்த்தி, டாக்டர் சொல்கிறபடி பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். காலையில் அவர் கன்னத்தில் தடம் எவ்வளவு நேரம் தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.